சசிரேகாவின் கடவுள் சொல்

எங்கள் தோட்டத்தில் சசிரேகாவோடு வாதாடி ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. பலமுறை முயன்று தோற்றவள் என்பதால் எனக்குத் தெரியும். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான். தனுஜா என்று அழகான பெயர் இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் 'பொம்பளக் கிராணி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சசியும் நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அப்போதே அவள் வாத்தியாரிடம், "நீங்கதான் சார் தப்பா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்றவள். குளிரான கேமரன் மலை வெயில் என்பதால் பிழைத்தாள்.

சசி இங்கே ஆயாவாக இருந்தாள். தாய்மார்கள் கொழுந்து வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு ஆயாக்கொட்டாய் என்று பெயர். தகரக் கூரை, சிவப்பு சிமெண்டுத் தரை, மலையைப் பார்த்தபடி பெரிய ஜன்னல். பல வருஷமாக அது அவளுடைய ராஜ்ஜியம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: செருப்பு வாசலோடு சரி. "புள்ளைங்க தவழுற தரைலா இது," என்பாள். எங்கள் ஊரில் மேனேஜரைத் துரை என்போம். பழைய துரை ஒருவர் சேற்று பூட்ஸோடு உள்ளே கால் வைத்தபோது அவரையும் கழற்ற வைத்தவள் அவள். அவரும் சாக்ஸில் இருந்த ஓட்டையை மறைத்தபடி பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் பிள்ளைகள் குறைந்தார்கள். இளம் குடும்பங்கள் ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விட்டன. வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆட்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கொட்டாயை மூடிவிட்டு, சசியைக் கொழுந்து வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை கஷ்டம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் குறை வேறு. "கொழுந்து வெட்டுற மெஷின் போடுற சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேக்கலடி," என்றாள். சசிக்கு அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் கிடையாது. கொட்டாய்ச் சாவியை மட்டும் ஆபீசில் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இடம் அவளுக்குத் திரும்ப வேண்டும், வேறு எதுவுமே வேண்டாம் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் நாலு பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட்டோம். பழுது ஒன்றும் இல்லை. உள்ளே ஓடிய சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டது, புதியதைப் போட்டால் இந்தப் பெட்டி தாங்காது என்றார்கள். எப்படியோ சசிக்குத் தெரிந்துவிட்டது. நேராகத் துரையிடம் போய் நின்றாள்.

"குப்பைக்குப் போறத எங்கிட்ட குடுங்க துரை. கொட்டாயில வெச்சு நம்ம ஆளுங்களுக்குக் கத்துக் குடுக்கிறேன்."

துரை விஜயன் ஈப்போக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது துரை. கத்துக்கிட்டுக் கத்துக் குடுக்கிறேன்."

துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அன்று சாயங்காலமே கொழுந்து லோரி ஓட்டும் வீரப்பன் அண்ணன் நாலு பெட்டியையும் கொட்டாயில் இறக்கிவிட்டார்.

கம்போங் ராஜாவில் போன் கடை வைத்திருக்கும் ரூபன் மோட்டாரில் வந்து பார்த்தான். "லினக்ஸ்னு ஒன்னு இருக்குக்கா. ஓசி. உலகம் பூரா இருக்கிறவங்க சேர்ந்து செஞ்சு சும்மாவே குடுக்கிறாங்க. உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யாரு வேணும்னாலும் தெறந்து பாக்கலாம், மாத்தலாம். யாரும் கேக்க மாட்டாங்க. அதுல பல வகை இருக்கு, இது புதுசா கத்துக்கிறவங்களுக்கு லேசா இருக்கும். பழைய பெட்டியிலயும் ஓடும். பேரு மின்ட்."

"மின்டுன்னா?"

"புதினாலா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து தோட்டம் பூராவும் அதற்குப் புதினா என்றே பெயர். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி ஒருநாள் வந்திருந்தபோது, "கொட்டாயில புதினா போட்டிருக்காங்க" என்று யாரோ சொல்ல, கட்டு என்ன விலை என்று கேட்டிருக்கிறான்.

ரூபன் திரையெல்லாம் தமிழில் வரும்படி செய்தான். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகக் கணக்கு திறக்கலாம், ஆனால் புதியதாக எதையும் போடவோ மாற்றவோ அட்மினுக்குத்தான் அதிகாரம், அந்த அட்மின் நீங்கள்தான் என்று சசியிடம் சொன்னான். "அப்ப புதினாவுக்கு நான்தான் துரைன்னு சொல்லு," என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிள்ளைகள் போனபிறகு அவளை அப்படி நான் பார்க்கவே இல்லை.

முதலில் உட்கார்ந்தது மாரியக்கா. மலையில் வேலை முடிந்ததும் ஊறுகாய் போட்டு ரிங்லெட் கடைகளுக்குக் கொடுக்கும் கைக்காரி. போத்தலில் ஒட்ட ஒரு லேபிள் செய்துகொள்ள ஆசை. பெயரை அடித்தாள். அடுத்து ஒரு கட்டம் வந்தது. அதன் மேல் 'கடவுச்சொல்' என்று இருந்தது. மாரியக்கா கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தாள்.

"கடவுள்... சொல்."

"ஆமா, சாமி பேரச் சொல்லிட்டுத்தான் உள்ள போகணும்," என்றாள் சசி, பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரி. மாரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, ஆங்கில எழுத்தைத் தேடித்தேடி முருகன் என்று அடித்தாள். கதவு திறந்த மாதிரி திரை திறந்துகொண்டது. அதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா?

விஷயம் தெரிந்ததும் நான் ஓடினேன். "அடி மக்கு, அது கடவுச்சொல். பாஸ்வர்ட்! பாஸ்போர்ட், அதான் கடப்பிதழ், இல்லாம வெளிநாடு போக முடியுமா? அது மாதிரி, கடந்து போறதுக்கான சொல்."

"அப்படின்னா கடப்புச்சொல்னுதானே இருக்கணும்? கடவுன்னு ஏன் இருக்கு?"

நானும் விடவில்லை. "சரி, கடவுள்னா 'ள்' எங்க? நடுவுல 'ச்' எதுக்கு?"

"அந்த 'ள்'ளத்தான் 'ச்'னு அடிச்சிட்டாங்க. ஓசியில செஞ்சு குடுக்கிறவங்க, அவசரத்துல கை தவறியிருக்கும். அதப் போய் கொற சொல்லுவியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதோடு விட்டாளா? அடுத்த வாரம் ரூபன் வந்தபோது, "யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு சொன்னல்ல? அந்தத் தப்பத் திருத்திடு," என்று பிடித்துக்கொண்டாள். அவனும் சொல்லிப் பார்த்தான். பிறகு, வாதாடுவதைவிட மாற்றுவது லேசு என்று கண்டுகொண்டு, அந்த வார்த்தைகள் இருக்கும் ஃபைலைத் தேடித் திறந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். உலகத்திலேயே எங்கள் ஆயாக்கொட்டாயில் மட்டும் கம்ப்யூட்டர் 'கடவுள் சொல்' கேட்கத் தொடங்கியது.

கடவுள் சொல் என்றானபிறகு சும்மா இருக்க முடியுமா? செருப்பு வாசலோடு சரி என்ற பழைய சட்டத்தோடு புதுச் சட்டங்களும் சேர்ந்தன. கைகால் கழுவிவிட்டு வரவேண்டும். கறி, மீன் சாப்பிட்டுவிட்டுக் கடவுள் சொல்லைத் தொடக்கூடாது. எல்லாம் சசி போட்டவை. ஜனங்கள் முனகாமல் ஏற்றுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைவிட அவை நாலும் சுத்தமாக இருந்தன. விசைப்பலகையில் ஒரு பிஸ்கட் துகள் இருக்காது. மாரியக்கா லேபிள் செய்து முடித்தாள், 'மாரியம்மா ஊறுகாய்' என்று சிவப்பில். வீரப்பன் அண்ணன் கோயில் நோட்டீஸ் அடிக்கக் கற்றுக்கொண்டார். பாதி நேரம் சீட்டு விளையாடினார் என்பது வேறு விஷயம். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசினவர்கள் உண்டு, கோலம் பார்த்தவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் சசி நின்று பேசிக்கொண்டே இருப்பாள். கொட்டாயில் மறுபடி சத்தம் கேட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு புதன்கிழமை துரை சசியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உர மூட்டை வைக்க இடமில்லை, கொட்டாய் தேவைப்படுகிறது என்றார். சசியின் முகம் விழுந்ததைப் பார்த்திருப்பார் போல. "நாலு பெட்டிய வெச்சுக்கிட்டு நீங்க மட்டும் உக்காந்திருக்கீங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சு. எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே வந்து பாக்கிறேன். ஆளுங்க நெஜமாவே உக்காந்து வேலை செஞ்சா, மூட்டைக்கு வேற இடம் யோசிக்கலாம். இல்லன்னா திங்கக்கிழமை மூட்டை வந்துடும்."

சசி சந்தோஷமாக வெளியே வந்தாள். "நாப்பது பேர எறக்கிடுவேன் பாரு," என்றாள். நான்தான் நினைவுபடுத்தினேன். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எவ வீட்டுல கறி இல்ல?"

அவள் அசரவில்லை. கறிச்சோற்றை ராத்திரிக்குத் தள்ளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாரும் சரி என்றார்கள். வீரப்பன் அண்ணன் வீட்டு வாசலில்தான் வண்டி நின்றது. தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டிக்குச் சூடம் காட்டுவது அவர் பொறுப்பு.

"என்ன சசி நீ? ஞாயித்துக்கிழமை முனியாண்டி படையல்லா! ஆடு வாங்கியாச்சு. படையல ராத்திரிக்குத் தள்ள முடியுமா?"

தள்ள முடியாது. படையலில் கை நனைக்காமல் வரவும் யாரும் துணிய மாட்டார்கள். துரையிடம் காலையில் வரமுடியுமா என்று கேட்டாள், காலையில் அவர் ஈப்போவில் இருப்பார். சசி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"தனு, நீ சொன்னதுதான் சரின்னு வெச்சுக்குவோம். அது வெறும் பாஸ்வர்ட்தான். நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

பெஞ்ச் காலத்திலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த வெற்றி அது. கிடைத்தபோது ஒரு சொட்டுச் சந்தோஷமும் வரவில்லை. சொன்னபடி போய்ச் சொன்னாள், தைரியமாக, தன் வாயாலேயே. நான் தப்பு, தனுஜா சரி, அது கடவுள் சொல்லே இல்லை, கறி சாப்பிட்டுவிட்டே வாருங்கள் என்றாள்.

யாரும் நம்பவில்லை! "திரையிலயே எழுதியிருக்கே, கடவுள் சொல்னு," என்றாள் மாரியக்கா. "நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ரூமுக்காக சாமியே இல்லங்கிற அளவுக்கு வந்துட்டியா சசி? எனக்கு முருகன் வேணும்மா."

ரூபனை அழைத்து மறுபடி மாற்றச் சொல்லலாம் என்றால், அவன் கல்யாணத்துக்குக் கிளந்தான் போயிருந்தான். அவனே வந்து மாற்றினாலும் இனி யார் நம்பப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முனியாண்டிக்குப் பெரிய வாழையிலை போட்டு ஆட்டுக்கறி, கோழி, அவித்த முட்டை, சுருட்டு எல்லாம் வைத்தார்கள். சூடம் காட்டியதும் பந்தி தொடங்கியது. எல்லாரும் கறியைப் பிடி பிடி என்று பிடித்தார்கள், நானும்தான். சசி மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாமியைப் பார்த்தபடி நின்றாள். ஒரு பருக்கைகூட வாயில் போடவில்லை. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். திடீரென்று திரும்பினாள்.

"வீரப்பண்ணே, முனியாண்டி இப்ப என்ன சாப்பிட்டாரு?"

"கண்ணு தெரியலையா? ஆட்டுக்கறி."

"கறி சாப்பிட்டவன் அவரு பேரச் சொன்னா கோவிப்பாரா?"

"அவரே கறி தின்னுட்டு சுருட்டு குடிக்கிறவரு. அவரு ஏன் கோவிக்கப்போறாரு?"

"அப்ப இன்னிக்கு எல்லாருக்கும் கடவுள் சொல் முனியாண்டி!"

தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். ஒவ்வொருவரும் தன் சொல்லைத் தானே மாற்ற வேண்டுமானால் பழைய சாமி பெயரைக் கறிவாயோடு தொட வேண்டும். ஆனால் அட்மின் ஒருத்தி நினைத்தால் எல்லாருடையதையும் மாற்றலாம். அன்று அந்தத் தோட்டத்தில் கறி சாப்பிடாத ஒரே ஆள் அந்த அட்மின்தான். பசியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகத் திறந்து முனியாண்டி என்று அடித்தாள். கட்டத்துக்குப் பக்கத்தில் புதினா ஒரு வார்த்தை காட்டியது. வீரப்பன் அண்ணன் குனிந்து படித்தார்.

"பலவீனமானது."

அவர் முகம் சிவந்துவிட்டது. "யாரச் சொல்லுது? முனியாண்டியவா பலவீனம்ங்குது? அந்தப் பெட்டிய இங்க தள்ளு!"

"நம்பர் சேத்தா பலமாகும்ணே, ரூபன் சொல்லியிருக்கான்," என்று சசி அவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் மனப்பாடமான நம்பர் ஒன்றுதான் உண்டு, கொழுந்து லோரி நம்பர். அதையும் சேர்த்து அடித்ததும் புதினா, 'வலிமையானது' என்றது. "லோரியில ஏறின பெறவுதான் சாமின்னு தெரியுது அதுக்கு," என்றார் வீரப்பன் அண்ணன், பெருமையாக.

துரையின் வண்டிச் சத்தம் கேட்டபோது நாலு பெட்டி முன்னாலும் ஆள், ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் வரிசை. ஒருத்தர் எழுந்தால் அடுத்தவர் உட்கார்ந்து, "முனியாண்டி காப்பாத்து" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடித்தார்கள். துரை வாசலில் வந்து நின்றார். சேற்று பூட்ஸ். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், ஏனென்றால் சசியை எனக்குத் தெரியும்.

"பூட்ஸ், துரை," என்றாள்.

இன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா என்று அவளைக் கிள்ளலாம் போல வந்தது. துரை ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கழற்றி, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மாரியக்கா லேபிளைக் காட்டினாள். நோட்டீஸைப் பார்த்தார். கடைசியில் காலியான ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைப் படித்தார்.

"இது கடவுச்சொல்னுதானே வரணும்?"

சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். சசி மெதுவாகச் சொன்னாள், "எங்க புதினாவுல இப்படித்தான் துரை."

துரை நாற்காலியைத் திருப்பினார். வரிசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நாளைக்குப் பெரட்டுல சொல்றேன்," என்று எழுந்து போய்விட்டார். படையலில் மீந்த கறியை நான் கொண்டுவந்து கொடுத்தும் சசியால் சாப்பிட முடியவில்லை.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் ஆட்கள் கூடுவது. ஆட்களை மேய்க்கும் மண்டோர் மாடசாமி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அன்றைக்கு எந்த இடத்தில் வேலை என்று கூவுவார். பெயர் வந்ததும், "இருக்கேன்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். அன்று மழைக்கோட்டும் கூடையுமாக சசி கடைசியில் நின்றாள். துரை மண்டோரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு ஓரமாகப் போனார்.

"வீரப்பன், லோரி."

"இருக்கேன்."

"மாரியம்மா, ஏழாம் மலை."

"இருக்கேன்."

"சசிரேகா..." மண்டோர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆயாக்கொட்டாய்."

பதில் இல்லை. எல்லாரும் திரும்பினோம். வாழ்க்கையில் முதல்முறையாக சசிரேகாவுக்குப் பேச்சு வரவில்லை. கண்ணீர் மட்டும் தாரை தாரையாகக் கொட்டியது. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். மண்டோர் இன்னொரு தரம் கூவினார். "சசிரேகா, ஆயாக்கொட்டாய்! இருக்கியா இல்லையா?"

மாரியக்காதான் அவளுக்காகக் கத்தினாள்.

"இருக்காலா! அங்கதான் இருக்கா!"